எழும்பூர் மியூசியம், ஆறாங்கிளாஸ் பசங்க, ரெண்டு மணி நேரம்: எதைக் காட்டறது, எதை விடறது?

சாக்பீஸ்_டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். செங்கல்பட்டு பக்கம் அரசு நடுநிலைப்பள்ளி, நான் சோசியல். ஆறாங்கிளாஸ்ல வரலாறுன்னா என்னன்னு ஆரம்பிச்சு மனுஷன் எப்படி வந்தான், சிந்துவெளி, அப்புறம் தமிழ்நாட்டு பழைய ஊருங்கன்னு வரிசையா பாடம் வருது இல்லையா, அதை நடத்தி முடிச்ச கையோட எழும்பூர் மியூசியம் கூட்டிட்டு போறேன்னு எச்எம் கிட்ட பெர்மிஷன் வாங்கிட்டேன். வழக்கமா எங்க ஸ்கூல் டூர்னா வண்டலூர், மியூசியம், பீச் எல்லாம் ஒரே நாள். மியூசியத்துக்கு மிஞ்சறது ஒரு மணி நேரம். பேசாத, தொடாத, வேகமா நட, இதைத் தவிர நாங்க வேற எதுவும் சொல்றதில்ல. வெளிய வந்து கேட்டா "திமிங்கிலம் பாத்தோம் மிஸ்"ம்பாங்க, அவ்வளவுதான். இந்த தடவை மியூசியம் மட்டும்தான், வேற எங்கயும் போகல, நாப்பது பசங்க, ரெண்டு மணி நேரம் கைல இருக்கு. எதைக் காட்டினா பாடத்தோட ஒட்டும்? கூட்டிட்டு போய் அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

எழும்பூர்வாசி:
டீச்சர், முதல்ல வெள்ளிக்கிழமை வெச்சிராதீங்க, அன்னைக்கு லீவு. கேட் வரைக்கும் வந்து திரும்பிப் போற ஸ்கூல் பஸ்ஸை நானே பாத்திருக்கேன்.

அப்புறம் எல்லாத்தையும் காட்டணும்ங்கற ஆசையை இப்பவே விட்ருங்க. அது ஒரே பில்டிங் இல்ல, வளாகம் முழுக்க தனித்தனி கட்டடம், சிற்பம், செப்புத்திருமேனி, காசு, விலங்கு, செடி, பாறைன்னு. பெரியவங்களே ஒரு நாள்ல பாத்து முடிக்க முடியாது, ஆறாங்கிளாஸ் புள்ள நாலாவது ஹால்லயே உக்காந்துரும். என் கணக்கு மூணே மூணு இடம்: கல் ஆயுதம், ஆதிச்சநல்லூர் (தெக்கே தாமிரபரணி பக்கம், பழங்காலத்துல செத்தவங்கள தாழிங்கற பெரிய பானையில வெச்சு புதைச்ச இடம்) சாமான், ரோமன் காசு. உங்க பாடத்துக்கு நேரா பொருந்தறது இந்த மூணுதான். ஒவ்வொண்ணுக்கும் அரை மணி நேரம், மிச்சம் அரை மணி நேரம் நடக்க, தண்ணி குடிக்க, ஒண்ணுக்கு போக.

நீங்க வண்டலூர்னு சொன்னதால ஒண்ணு, இந்த மியூசியமும் அந்த ஜூவும் ஒரு வயித்துல பொறந்தது. 1851ல மியூசியம் ஆரம்பிச்சப்போ பொறுப்புல இருந்த பால்ஃபர் டாக்டர், பின்னால இந்த வளாகத்துலயே உயிரோட மிருகங்களையும் வெச்சாரு, கூட்டம் அள்ளுச்சு. அப்புறம் அதை சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாத்தி, அங்கிருந்து 1985ல வண்டலூர் போச்சு. எங்க தாத்தா காலத்து ஆளுங்க ஜூவை உயிர் காலேஜ்னும் மியூசியத்தை செத்த காலேஜ்னும் தான் சொல்லுவாங்க. ட்ரெயின்ல இதை சொல்லுங்க, பசங்க சிரிப்பாங்க.

கணக்கு_வாத்தி:
நான் கொஞ்சம் எதிர்த்து பேசறேன், கோச்சுக்காதீங்க. ஒரு நாள் வெளிய போனா நாலு சப்ஜெக்ட் பீரியட் காலி, மறுநாள் பாதி புள்ளைங்க லீவு, அதுக்கு முன்னாடி பெத்தவங்க கையெழுத்து, காசு வசூல், சாப்பாடு, அதுக்கு மேல எவனாவது காணாம போயிடுவானோன்னு நெஞ்சு படபடப்பு. இவ்வளவும் பண்ணி அங்க கண்ணாடிக்கு பின்னால இருக்கற கல்லை பாக்கறதுக்கு புக்குலயே கலர் படம் இருக்கு, க்யூஆர் கோடு இருக்கு, ஸ்மார்ட் கிளாஸ்ல போட்டா பெருசாவே தெரியும். பொருளை நேர்ல பாத்தா மட்டும் புதுசா என்ன புரிஞ்சிரும்? உண்மையாவே கேக்கறேன்.

கல்லும்_மண்ணும்:
சார், தொல்லியல் படிக்கற பையன் நான், இதுக்கு பதில் சொல்லாம போக முடியல.

படத்துல கைக்கோடரி, அதாவது கைல பிடிச்சு வெட்டற கல் ஆயுதம், எப்படி தெரியும்? இலை மாதிரி ஒரு வடிவம், அவ்வளவுதான். அதோட சைஸ் தெரியாது, கனம் தெரியாது. நேர்ல பாத்தா முதல்ல படறது இது கைக்கு அடங்கற சாமான்ங்கறது. ரெண்டாவது அந்த பள்ளம் பள்ளமா இருக்கற தழும்பு. ஒவ்வொரு பள்ளமும் ஒரு அடி. இன்னொரு கல்லால தட்டி சில்லு தெறிச்ச இடம். எத்தனை பள்ளம் இருக்குன்னு பசங்கள எண்ண சொல்லுங்க, ரெண்டு பக்கமும் தெரியலன்னா தெரியற பக்கத்தை மட்டும். அப்புறம் கேளுங்க, இது தானா உடைஞ்ச கல்லா, ஆள் உடைச்ச கல்லா, எதை வெச்சு சொல்ற? இந்த கேள்விக்கு பதில் புக்குல இல்ல, புள்ள பாத்துதான் சொல்லணும். ஓரம் ரெண்டு பக்கமும் மாறி மாறி தட்டியிருக்கு, ஆத்துல உருண்டு உடையற கல் அப்படி ஒழுங்கா உடையாதுன்னு ஒரு புள்ள சொல்லிட்டா அது வரலாறு எப்படி எழுதறாங்கன்னு கத்துகிச்சு, மார்க் வருதோ இல்லையோ.

டீச்சருக்கு ஒரு விஷயம். நீங்க செங்கல்பட்டுல இருந்து எலக்ட்ரிக் ட்ரெயின்ல வர்றதா இருந்தா பல்லாவரம் தாண்டித்தான் வரணும். 1863 மே 30ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட், ஜியாலஜிக்கல் சர்வே ஆளு, பல்லாவரத்துல மிலிட்டரி பரேடு மைதானம் பக்கத்துல சரளைக்கல் வெட்டின குழியில ஒரு கல் ஆயுதத்தை எடுத்தாரு. இந்தியாவுலயே பழைய கற்காலத்து ஆயுதம்னு முதல்ல அடையாளம் கண்டது அதுதான். அதே வருஷம் செப்டம்பர்ல திருவள்ளூர் பக்கம் அதிரம்பாக்கம். அவர் வாழ்நாள் முழுக்க சேத்த மொத்த கலெக்‌ஷனையும் 1904ல இதே மியூசியம் விலைக்கு வாங்கிச்சு. அதிரம்பாக்கத்துல பின்னால நடந்த ஆய்வுல அங்க இருக்கற பழைய ஆயுதங்களுக்கு ஏறக்குறைய 15 லட்சம் வருஷம்னு 2011ல வெளிவந்துச்சு. பல்லாவரம் ஸ்டேஷன்ல வண்டி நிக்கறப்ப "இந்த ஊர்லதான்டா"ன்னு சொல்லிட்டு ஒரு மணி நேரத்துல அந்த கலெக்‌ஷன் இருக்கற இடத்துக்கே கூட்டிட்டு போறீங்க, இந்த வாய்ப்பு வேற எந்த ஊர் ஸ்கூலுக்கு இருக்கு சொல்லுங்க.

சாக்பீஸ்_டீச்சர்:
ஐயோ தம்பி, நான் தினமும் பல்லாவரம் தாண்டித்தான் பிஎட் படிக்க போயிட்டு வந்தேன், யாரும் சொல்லல. பஸ் கேன்சல், ட்ரெயின் தான். காசும் மிச்சம்.

நெல்லைச்_சீமை:
ஆதிச்சநல்லூர்னு சொன்னதும் வந்துட்டேன். எங்க ஊரு சாமான் எங்க ஊரு புள்ளைக பாக்கணும்னா 600 கிலோமீட்டர் வரணும், இது என்ன நியாயம்? 1876ல ஜெர்மன்காரர் யாகோர் தோண்டி எடுத்தது பெர்லினுக்கு போச்சு, அப்புறம் தொல்லியல் துறை அதிகாரி அலெக்சாண்டர் ரியா பல வருஷம் தோண்டினாரு, தங்க நெத்திப்பட்டம், வெண்கல சாமான், இரும்பு ஈட்டின்னு அள்ளினது நெறைய எழும்பூருக்கு போச்சு. நாங்க சின்ன புள்ளைல பரம்புல விளையாடுறப்ப பானை ஓடு காலுல குத்தும், அதோட மதிப்பு ஒருத்தருக்கும் தெரியல. 2023ல தான் அங்கயே சைட் மியூசியம் வந்துச்சு, குழிய தோண்டினபடியே விட்டு மேல கண்ணாடி போட்டுருக்காக, நீங்க மேல நின்னுக்கிட்டு கீழ தாழிய பாக்கலாம். எங்கிட்டு கேட்டா அதுதான் பாடம் நடத்தற இடம். அலமாரியில தூக்கி வெச்ச தாழி வெறும் பானைதான், மண்ணுக்குள்ள சாஞ்சு கிடக்கற தாழியத்தான் புள்ளைக "உள்ள ஆளு இருக்காரா சார்"னு கேக்கும்.

எழும்பூர்வாசி:
அண்ணாச்சி சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஆனா செங்கல்பட்டு புள்ளைக்கு ஆதிச்சநல்லூர் தூரம், எழும்பூர் பக்கம், அவங்க இங்கதான் பாக்கணும். "இது ஏன் இங்க இருக்கு"ங்கறதையே ஒரு கேள்வியா போட்ருங்க டீச்சர். யார் எடுத்தா, எப்ப, ஏன் மெட்ராஸுக்கு கொண்டு வந்தா. அமராவதி சிற்பத்துக்கும் அதே கதைதான். ஆந்திராவுல கிருஷ்ணா கரையில இருந்த பௌத்த ஸ்தூபி, 1845ல வால்டர் எலியட்ங்கற வெள்ளைக்கார அதிகாரி தோண்டி மெட்ராஸ் கொண்டு வந்தாரு, அதுல ஒரு பெரிய பங்கு கப்பலேறி லண்டன் போயி இப்ப பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. ஒரே ஸ்தூபி, பாதி எழும்பூர்ல, பாதி லண்டன்ல. லண்டன்ல இருக்கறதோட படம் அவங்க வெப்சைட்லயே கிடைக்கும், பிரிண்ட் எடுத்துட்டு வந்து இங்க இருக்கற பலகையோட ஒப்பிட சொல்லலாம். ஆறாங்கிளாஸுக்கு கொஞ்சம் அதிகம்தான், எட்டாங்கிளாஸுக்கு சூப்பரா போகும்.

மதுரைக்காரி:
நான் கீழடி மியூசியத்துக்கு எங்க ஸ்கூல் பசங்கள கூட்டிட்டு போன அனுபவத்துல சொல்றேன். 2023 மார்ச்ல தொறந்தாங்க, செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றம் எல்லாம் வெச்சு அழகா கட்டிருக்காங்க, அது ஒரு பக்கம் இருக்கட்டும். பசங்க எங்க நின்னாங்க தெரியுமா? தங்கத்துக்கிட்ட இல்ல, எழுத்துக்கிட்ட கூட இல்ல, தாயக்கட்டையும் சுடுமண் சில்லும் இருக்கற இடத்துல. "டீச்சர் இது நம்ம பாண்டி ஆடற சில்லு"ன்னு ஒரு பொண்ணு கத்தினா பாருங்க, மொத்த கூட்டமும் அங்க ஓடிருச்சு. பானை ஓட்டை வட்டமா தேச்சு வெச்சிருக்காங்க, நம்ம பசங்க ஓட்டை தேச்சு வெச்சுக்கற மாதிரியே. அங்கேயே உக்காந்து நான் பாடத்தை ஆரம்பிச்சேன், சாப்பாட்டுக்கு மேல நேரம் மிச்சம் இருந்தாதானே விளையாட முடியும், அப்ப அந்த ஊர்ல மிச்சம் இருந்துச்சா, யாரு பயிர் வெச்சா, யாரு பானை செஞ்சா. நகரம்னா என்னங்கற பாடம் அப்படியே வந்துருச்சு.

அதுக்கப்புறம்தான் ஆதன், குவிரன்னு பேர் கீறின ஓட்டை காட்டினேன். தமிழி (தமிழோட பழைய எழுத்து) அட்டையை முன்னாடியே கிளாஸ்ல குடுத்து அவங்கவங்க பேரை எழுத வெச்சிருந்தேன், அதனால நாலஞ்சு பேர் தானாவே ஆ, த, ன் அப்படின்னு எழுத்து கூட்டிட்டாங்க. கிளாஸ்ல முன்கூட்டி இந்த வேலை நடக்கலன்னா அது அவங்களுக்கு வெறும் கீறல்தான். மியூசியம் போற அன்னைக்கு பாடம் நடத்தறது பாதி தோல்வி, முன்னாடியே நடத்தி வெச்சிட்டு அங்க போய் தேட விடணும்.

கணக்கு_வாத்தி:
தாயக்கட்டை கதை நல்லாருக்கு மேடம். ஆனா எல்லாரும் சோசியல் சோசியல்னே பேசறீங்க. கணக்குக்கு அங்க என்ன இருக்கு? ஒண்ணும் இல்லன்னா என் பீரியடை ஏன் எடுக்கணும்?

கல்லும்_மண்ணும்:
வாங்க சார், ரோமன் காசுக்கு. கொங்கு பக்கம், கரூர் பக்கம், புதுக்கோட்டை பக்கம் எல்லாம் புதையலா கிடைச்சது. ரோமன் தங்கக்காசு ஆரியஸ், வெள்ளிக்காசு தெனாரியஸ், ஒரு தங்கக்காசுக்கு 25 வெள்ளிக்காசு. நீரோ மன்னன் கி.பி. 64 வாக்குல காசோட எடையை குறைச்சான், அதுக்கப்புறம் ஒரு ரோமன் பவுண்டு தங்கத்துல 45 காசு அடிச்சாங்க. ரோமன் பவுண்டு ஏறக்குறைய 327 கிராம். ஒரு காசு எத்தனை கிராம்? நம்ம சவரன் 8 கிராம், அதோட ஒப்பிட்டா கூடவா குறைவா? வெள்ளி முன்னாடி பவுண்டுக்கு 84 காசு, நீரோவுக்கு அப்புறம் 96, எத்தனை சதவீதம் எடை குறைஞ்சுது? ஒரு வணிகனுக்கு இது தெரிஞ்சா பழைய காசு கேப்பானா புது காசு கேப்பானா? நம்ம ஊர்ல கிடைக்கற வெள்ளிக்காசுல பெரும்பாலும் நீரோவுக்கு முந்தின அகஸ்டஸ், டைபீரியஸ் காசுதான், நம்மாளுங்க எடை போட்டு வாங்கியிருக்காங்க சார்.

இன்னொண்ணு, தென்னிந்தியாவுல கிடைச்ச தங்கக்காசு சிலதுல மன்னன் மூஞ்சி மேலயே உளியால ஒரு வெட்டு இருக்கும். ஏன் வெட்டினாங்க? இது காசா செல்லாது, வெறும் தங்கம்னு காட்டவா, உள்ள செம்பு இருக்கான்னு பாக்கவா, இன்னும் பெரியவங்களே சண்டை போட்டுக்கறாங்க. பசங்க கிட்ட விட்டுடுங்க. அகநானூறு 149ல யவனர் கப்பல் பொன்னோட வந்து மிளகோட திரும்பற முசிறி (மேற்குக் கரை பழைய துறைமுகம்) வருது, தமிழ் ஐயாவையும் கூட்டிட்டு போனா ஒரே ஷோகேஸ் முன்னாடி மூணு சப்ஜெக்ட் முடிஞ்சுது.

கணக்கு_வாத்தி:
7.27 கிராம். சவரனை விட குறைவு. வெள்ளி 12.5 சதவீதம் அடி வாங்கியிருக்கு. சரி, இது எட்டாங்கிளாஸ் சதவீதத்துக்கு ஆகும், ஆறாங்கிளாஸுக்கு வகுத்தல் மட்டும் போடலாம். டூர் விஷயத்துல நான் இன்னும் ஒத்துக்கல, கணக்கை மட்டும் எடுத்துக்கறேன்.

மதுரைக்காரி:
சார் உங்களுக்கு கீழடிலயும் கணக்கு இருக்கு. 353 சென்டிமீட்டர் ஆழத்துல எடுத்த கரியை வயசு பாக்க அமெரிக்காவுல மயாமி லேபுக்கு அனுப்பி கி.மு. 580ன்னு வந்துச்சு இல்ல, பசங்களுக்கு சுவத்துல அளவு டேப் ஒட்டி 353 எங்க வருதுன்னு காட்டுங்க, சார் தலைக்கு மேல போயிரும், ரெண்டு பேர் ஒருத்தர் மேல ஒருத்தர் நின்ன உயரம். அதுக்கு கீழயும் பொருள் இருந்துச்சுன்னு சொல்லி விட்டா அடுத்த கேள்வி அவங்களே கேப்பாங்க.

அறிவியல்_அக்கா:
மியூசியத்து திமிங்கில எலும்புக்கூட்டை எல்லாரும் கேவலமா பேசறீங்களே, நான் அதுக்கு வக்கீல். பசங்க அதைத்தான் பாக்க ஓடறாங்கன்னா அங்கயே பாடம் நடத்துங்க. முன் துடுப்பு எலும்பை பாக்க சொல்லுங்க, உள்ள விரல் எலும்பு வரிசையா இருக்கும், நம்ம கை மாதிரியே மேல்கை, முழங்கை, மணிக்கட்டு, விரல். மீன் துடுப்புல இப்படி இருக்காது. அவங்கவங்க கையை தூக்கி பக்கத்துல வெச்சு எண்ண சொல்லுங்க. மீனா பாலூட்டியான்னு புக்குல மனப்பாடம் பண்ண கேள்விக்கு எலும்பே பதில் சொல்லுது. பத்து நிமிஷம் போதும், அதைக் காட்டாம கூட்டிட்டு வந்தீங்கன்னா திரும்பற வழி முழுக்க முனகுவாங்க, மூணு இடத்தோட இதையும் சேத்து நாலா வெச்சுக்கோங்க.

சில்பி_வீட்டுப்_பையன்:
செப்புத்திருமேனி பக்கம் யாருமே போகல? திருவாலங்காட்டு நடராஜரும் திருவெண்காட்டு அர்த்தநாரியும் அங்கதான் இருக்காங்க. எங்க வீட்ல சுவாமிமலைல இன்னும் இதே வேலைதான். முதல்ல தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து மெழுகுல உரு பண்ணுவோம், மேல காவேரி வண்டல் பூசி, காய வெச்சு, சூடு காட்டினா மெழுகு ஓட்டை வழியா ஓடிரும், அந்த காலி இடத்துல உருக்கின உலோகம். ஆறினதும் மண்ணை உடைக்கணும், அச்சு போச்சு, அதனால ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வராது. ஸ்கூல்ல உலோகம் உருக்க முடியாது, ஆனா மெழுகுவர்த்தி மெழுகுல ஒரு மீன் பண்ணி, களிமண் பூசி, வெந்நீர்ல மெழுகை வடிச்சு, உள்ள பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊத்தினா அதே தத்துவம் தான். மெழுகு வடிக்கற வேலை மட்டும் பெரியவங்க பண்ணுங்க. இதை ஒரு தடவை செஞ்ச புள்ள அந்த ஹால்ல நிக்கறப்ப சாமி கும்பிட்டுட்டு நகராது, விரலுக்கும் முத்திரைக்கும் நடுவுல மண் எப்படி போச்சுன்னு யோசிக்கும்.

பார்வை_பவுண்டேஷன்_இல்லாத_வாலண்டியர்:
(பேர் பாத்து சிரிக்காதீங்க, எந்த அமைப்பும் இல்ல, தனி ஆள்.) பார்வை இல்லாத பசங்களோட வேலை செய்யறேன். ஒரு மியூசியத்துக்கு, எதுன்னு சொல்ல வேண்டாம், கூட்டிட்டு போனப்போ "இவங்க வந்து என்ன பாக்கப் போறாங்க"ன்னு வாசல்லயே கேட்டாங்க. கடைசில ஒரு வாட்ச்மேன் அண்ணன்தான் தோட்டத்துல வெளிய கிடந்த ஒரு கல் நந்தியை தொட்டு பாக்க விட்டாரு. அந்த பசங்க அதை தடவின விதத்தை பாத்து நான் கத்துகிட்டது, திமில்ல ஆரம்பிச்சு கழுத்து மணி ஒவ்வொண்ணா எண்ணிட்டு, "ஒரு மணி உடைஞ்சிருக்கு அக்கா"ன்னாங்க. அது நான் பாக்கவே இல்ல. டீச்சர், உங்க நாப்பது பேர்ல அப்படி யாராவது இருந்தா முன்னாடியே லெட்டர்ல எழுதி கேளுங்க, மாதிரி உருவம் ஏதாவது தொட குடுப்பீங்களான்னு. இல்லன்னா நீங்களே ரெண்டு மூணு சாமான் பையில எடுத்துட்டு போங்க, கைக்கு அடங்கற குவார்ட்சைட்ங்கற கெட்டிக் கல், ஒரு கறுப்பு சிவப்பு பானை ஓடு மாதிரி.

கல்லும்_மண்ணும்:
ஓடுன்னதும் ஒரு எச்சரிக்கை. பழைய சைட்ல இருந்து பொறுக்கிட்டு வர சொல்லாதீங்க பசங்கள, எந்த இடத்துல கிடந்துச்சுங்கறதுதான் அதோட பாதி உயிர். குயவர் கிட்ட சொல்லி புதுசா செஞ்சு வாங்கலாம். கறுப்பு சிவப்பு பானையை கவுத்து வெச்சு சுட்டாங்க, உள் பக்கம் காத்து போகாம கறுப்பாச்சு, வெளிய காத்து பட்டு சிவப்பாச்சுன்னு சொல்லுவாங்க. ஒரு குயவர் செஞ்சு காட்டினா மியூசியத்தை விட அது பெரிய பாடம்.

மும்பை_தமிழன்:
இங்க சத்ரபதி சிவாஜி மியூசியத்துல 2015ல இருந்து பஸ்ஸுக்குள்ளயே மியூசியம் வெச்சு ஸ்கூல் ஸ்கூலா ஓட்டறாங்க. கொல்கத்தா பிர்லா மியூசியம் அறிவியலுக்கு 1965லயே பஸ் விட்டுட்டாங்க. நம்ம ஊர்ல பல மாவட்டத்துல அரசு மியூசியம் இருக்கறப்ப ஒரு வேன் விட்டா என்ன? மலைக் கிராமத்து பள்ளியெல்லாம் எந்த காலத்துல எழும்பூர் வரப்போகுது.

புதுகை_அப்பா:
வேனுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கறதை பாருங்கப்பா. எங்க திருக்கோகர்ணத்துல 1910ல ஆரம்பிச்ச மியூசியம், என் பொண்ணு ஸ்கூல்ல இருந்து ரொம்ப பக்கம், டூர்னா எல்லாரும் கொடைக்கானல்தான் கேக்கறாங்க. கிருஷ்ணகிரி மியூசியத்துல நடுகல் இருக்கு, மாடு மீட்கப் போய் செத்தவன் கல்லு, அந்த ஊரு புள்ளைங்க எத்தனை பேர் பாத்திருக்கும்? சில ஸ்கூல்ல தொன்மைப் பாதுகாப்பு மன்றம்னு வெச்சு பசங்களே ஊர் கல்வெட்டை படி எடுக்கறாங்க, அந்த மாதிரி ஸ்கூல் பசங்க மியூசியம் போனா கேக்கற கேள்வியே வேற.

சாக்பீஸ்_டீச்சர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு நினைக்கல. சனிக்கிழமை நான் மட்டும் தனியா போய் ஒரு சுத்து பாத்துட்டு வந்தேன், எந்த ஹால் தொறந்திருக்கு, எது ரிப்பேர்ல மூடியிருக்கு, பாத்ரூம் எங்க, சாப்பாடு எங்க உக்காந்து சாப்பிடலாம்னு எல்லாம் குறிச்சுட்டேன். இதை பண்ணாம கூட்டிட்டு போனா பாதி நேரம் வழி கேக்கறதுலயே போயிரும் போல.

முடிவு இப்படி: நாலு குரூப், குரூப்புக்கு பத்து பேர், கூட ஒரு டீச்சர் இல்லன்னா எஸ்எம்சி (பள்ளி மேலாண்மைக் குழு) அம்மா ஒருத்தர். நாலு இடம், அரை மணிக்கு ஒரு தடவை மாறணும், அப்ப எந்த ஷோகேஸ் முன்னாடியும் பத்து பேருக்கு மேல நிக்க மாட்டாங்க, எல்லாருக்கும் தெரியும். நடக்கற நேரத்தை அதுக்குள்ளயே அடக்கணும், பாப்போம். லேபிளை காப்பி பண்ண விடப்போறதில்ல. கோடு போடாத பேப்பர், பென்சில், ஒரு பொருளை மட்டும் வரையணும், கீழ மூணு கேள்வி: இது எதால செஞ்சது, எங்க தேஞ்சிருக்கு இல்ல உடைஞ்சிருக்கு, இதை வெச்சிருந்தவன் என்ன வேலை பாத்திருப்பான். அப்புறம் அவங்களுக்கு தோணின ஒரு கேள்வி, அதுக்கு பதில் எழுதக்கூடாது, கிளாஸ்ல வந்து பேசுவோம். செப்புத்திருமேனி இந்த தடவை இல்ல சில்பி தம்பி, மெழுகு மீன் மட்டும் ஆர்ட் பீரியட்ல பண்றோம், ஏழாங்கிளாஸ்ல சோழர் வர்றப்ப போலாம்.

எழும்பூர்வாசி:
கேள்வி பேப்பரை இங்க போடுங்க டீச்சர், நிறைய பேருக்கு உதவும். லெட்டர் ஸ்கூல் லெட்டர்ஹெட்ல எச்எம் கையெழுத்தோட குடுங்க, பசங்க எண்ணிக்கை, நாள், நேரம், என்ன பாடத்துக்குங்கறதையும் எழுதுங்க. ஆபீஸ்ல குடுத்து காப்பில சீல் வாங்கிடுங்க. உள்ள விளக்கம் சொல்ல யாராவது வருவாங்களான்னும் அப்பவே கேளுங்க, அன்னைக்கு காலைல கேட்டா நடக்காது.

கணக்கு_வாத்தி:
காசு இடத்துக்கு நிக்க ஆள் வேணும்னா சொல்லுங்க, நான் செங்கல்பட்டுதான். வியாழக்கிழமைன்னா வர முடியாது, எட்டாங்கிளாஸுக்கு டெஸ்ட்.

சாக்பீஸ்_டீச்சர்:
சார் புதன்கிழமைதான். காலைல 8 மணிக்கு ஸ்டேஷன் டிக்கெட் கவுன்ட்டர் கிட்ட நில்லுங்க, பசங்க டிக்கெட்டுக்கு சில்லறை கொண்டு வர்றேன்.